வீட்டுக்குள் போடும் செருப்பு

ஜெபசுதா கடைக்குப் போவதாக இருந்தால் தன் செருப்பை வாசற்படியிலேயே விட்டுவிட்டு, அம்மாவின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போவாள். அம்மாவின் கால் பெரியது. நடக்க நடக்க அது குதிகாலில் படக் படக் என்று அடிக்கும். எதிர்வீட்டுச் சண்முகத்தாய் அந்தச் சத்தத்தை வைத்தே, "ஏளா, இன்னைக்கும் களவாணி மாதிரி கிளம்பிட்டியா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கேட்பாள்.

எல்லாம் பெவினுக்காகத்தான். அக்காள் மகன், நாலு வயது. வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்வான். தாத்தா செருப்பைக் காணோமா, தாத்தா துறைமுகத்து ஆபீசுக்குப் போயிருக்கிறார். ஆச்சி செருப்பைக் காணோமா, ஆச்சி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருக்கிறாள். அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. சித்தி செருப்பைக் காணவில்லை என்றால்தான் போச்சு. மூச்சு முட்ட, முகம் நீலம் பாய அழுவான். அதனால் ஜெபசுதாவின் செருப்பு எப்போதும் வாசலில் கிடக்கும். வெயிலில் கிடந்து வெளுத்துவிட்டதே தவிர, அடியில் தேய்மானமே இல்லை.

பிள்ளைக்கு நடை வந்ததும் அக்காள் ஜெமி ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். அத்தான் பிரைட்டன் பின்னாலேயே போனார். "ஒரு வருஷந்தான் சுதா, பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள் ஜெமி. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த ஜெபசுதாதான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். நின்ற கால் நின்றபடி மூன்றாவது வருஷம் நடக்கிறது. கூடப் படித்தவர்கள் கல்லூரிப் பேருந்தில் போகிறபோது இவளைப் பார்த்துக் கையசைப்பார்கள். இவள் இடுப்பில் பெவினோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள்.

போன வருஷம் ஜெமி கூட்டிப்போக வந்தாள். வாகைக்குளம் விமான நிலையம் வரைக்கும் பெவின் சிரித்துக்கொண்டுதான் போனான். உள்ளே போகும் வாசலில் சித்தி வெளியே நின்றுகொண்டதைப் பார்த்ததும் கத்தினானே ஒரு கத்து! காவலுக்கு நின்ற போலீஸ்காரரே பயந்துபோனார். கை கால் வெட்டி இழுத்தது. நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினார்கள். ஜெமி தனியாகப் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மறுபடி விசா வந்திருக்கிறது. இந்தத் தடவையும் போகாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா ஜெயசிங் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "அவன் போகட்டும்ளா. போன மறுநாளே பிளஸ் டூ எழுத உன்னை டுட்டோரியல்ல கொண்டு சேத்திருதேன். அதுவரைக்கும் அந்தப் பேச்சு வேண்டாம்." ஜூனில் வகுப்பு தொடங்கும். ஆக, ஒரு நாலு வயதுப் பையன் 'சரி' என்று தலையாட்டினால்தான் இவளுக்குக் கதவு திறக்கும். அவன் ஆட்ட மாட்டான். ஜெர்மனி என்று சொன்னாலே வாயைக் கையால் பொத்திவிடுவான், நம் வாயை.

அந்தச் சமயத்தில்தான் கம்பளி வந்தது.

கொண்டுவந்தவள் கிருபை. ஜெமியோடு வேலை பார்க்கிறவள். பக்கத்து ஊரான நாசரேத்துக்கு லீவில் வந்திருந்தாள். காப்பி குடித்துவிட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே நூலாக இல்லை, நூற்காத கம்பளி. இலவம்பஞ்சை வாரி வைத்ததுபோலப் பொதிபொதியாக, நீலத்தில் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. பெவின் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆடு!" என்றான்.

"இது என்னத்துக்கு?" என்றாள் அம்மா வேதமணி.

"அங்கன பாலர் பள்ளியில பிள்ளைங்க ஷூவைக் கழத்தி வாசல்ல வச்சிட்டு, உள்ள போட கம்பளிச் செருப்பு வச்சிருக்கணும். புதுசா சேருத பிள்ளைக்கு முதல் ஜோடி வீட்டு ஆள் கையால செஞ்சதா இருக்கணும்னு அங்கன ஒரு வழக்கம். ஊசி நூலெல்லாம் வேண்டாம். சோப்புத் தண்ணி விட்டுத் தேய்க்கத் தேய்க்க இது தானா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடும். ஜெமிக்கு டியூட்டிக்கு மேல டியூட்டி. சுதா சும்மாத்தானே இருக்கா, அவ செஞ்சிருவான்னு சொன்னா."

சும்மாத்தானே. ஜெபசுதா காலிக் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முற்றத்தில் அப்பாவின் குரல் கேட்டது. "வீட்டுக்குள்ள செருப்பா? நல்லா இருக்கு கூத்து. தூத்துக்குடி வெயில்ல கம்பளியப் பாத்தா ஆடே சிரிக்கும்."

ஜெமி போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஜெபசுதா அதைப் பலமுறை பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. இந்த ஊரில் போடவே முடியாத ஒரு பொருள். அங்கே போனால்தான் போடலாம். பிள்ளைக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டால்? தூண்டிலில் இரை கோர்க்கிற மாதிரிதான். அப்படித் தோன்றியதும் பெவினைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவன் அவள் மடியில் தலையை வைத்துப் பப்பாளித் துண்டு தின்றுகொண்டிருந்தான். இருந்தாலும் மறுநாள் அவன் காலைச் செய்தித்தாளில் வைத்து வரைந்தாள்.

கம்பளி தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். அதனால் அச்சு காலைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். பழைய ரெக்சின் பையைக் கிழித்து, இரண்டு பாதமும் கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரே அச்சாக வெட்டினாள். அதன் இரண்டு பக்கமும் சாம்பல் கம்பளியை மெல்லிசாகப் பிய்த்து ஒரு வரிசை நெடுக்கில், ஒரு வரிசை குறுக்கில் என்று பரப்பினாள். கொசுவலைத் துண்டைப் போர்த்தி, வெந்நீர் தெளித்து, சோப்பைத் தேய்த்தாள்.

காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் தேய்த்தாள். நுரையே வரவில்லை. வெள்ளை வெள்ளையாகத் திரிந்த பால் மாதிரி ஒரு பிசுக்கு கம்பளியில் அப்பிக்கொண்டது. வலையைத் தூக்கினால் கம்பளியும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. கிணற்றில் விழுந்து செத்த பூனை மாதிரி கிடந்தது அந்த வேலை. அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அது போர் தண்ணீர். உப்புத் தண்ணீர். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர். போரில் வருகிற உப்புத் தண்ணீர் குளிக்க, துவைக்க, கழுவ. குழாயில் என்றைக்காவது வருகிற நல்ல தண்ணீர் குடிக்க, உலை வைக்க. வீடியோவில் அந்த வெள்ளைக்காரி குழாயைத் திறந்ததும் நுரை பொங்கியது. அது நல்ல தண்ணீராக இருக்கும் என்று இவளுக்குத் தோன்றவே இல்லை. ஆட்டு மயிருக்கு யாராவது நல்ல தண்ணீர் ஊற்றுவார்களா?

சாம்பல் கம்பளியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். மறுநாள் அம்மா பள்ளிக்கூடம் போனதும், சமையலறை டிரம்மின் மேல் இருந்த தட்டையும், தட்டின் மேல் இருந்த கல்லையும் எடுத்து வைத்துவிட்டு நல்ல தண்ணீரை மொண்டு சுடவைத்தாள். இந்தத் தடவை நீலக் கம்பளி. சோப்பு பட்டதும் நுரை கை கொள்ளாமல் பொங்கியது. பெவின் அதை அள்ளி மீசை வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அம்மா டிரம்மைத் திறந்து பார்த்தாள்.

"ஏளா! அடி தெரியுதே! குடிக்கிற தண்ணியிலயா ஆட்டு மயிரக் கழுவுதே? தண்ணி இனி எப்பம் வருமோ, நாளைக்கு உலைக்கு எங்க போறது, கடலுக்கா?"

"உங்க பேரன் ஜெர்மனிக்குப் போகணுமா வேண்டாமா?" ஜெபசுதா தலையைத் தூக்காமல் சொன்னாள். அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு, தானே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுச் சண்முகத்தாயிடம் கடன் தண்ணீர் கேட்கப் போனாள்.

ஈரக் கம்பளியைக் கோரைப்பாயில் வைத்துச் சுருட்டி உருட்ட வேண்டும். உருட்டிப் பிரித்து, திருப்பிப் போட்டு, மறுபடி சுருட்டி உருட்ட வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பெவின் பாய்ச் சுருள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "லாரி! லாரி!" என்று கூடவே உருண்டான். நடுவில் கிள்ளிப் பார்க்க வேண்டும். இழை மட்டும் தனியாக எழும்பினால் ஆகவில்லை. தோல்போல மொத்தமாக எழும்பினால் ஆகிவிட்டது. ஆகிவிட்டபோது திறப்பே இல்லாத ஒரு நீல உறை அவள் கையில் இருந்தது, உள்ளே ரெக்சின் அச்சு அடைபட்டுக் கிடந்தது. நடுவில் கத்தரிக்கோலால் வெட்டினாள். ஒன்று இரண்டானது. அச்சு வெளியே வந்தது. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மாற்றி மாற்றி விட்டுத் தேய்க்க, கண்ணெதிரே சுருங்கியது. கடைசியில் ஈரத்தோடு பெவின் காலில் மாட்டி, காலோடு சேர்த்துத் தேய்த்தாள். அப்போதுதான் அந்தக் காலுக்கென்று பொருந்தும். அவன் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தான்.

"இது வீட்டுக்குள்ள போடுத செருப்பு தம்பி. இங்கன போடக் கூடாது. ஜெமி மம்மி வீட்டுலதான் போடணும். அங்கன தரையெல்லாம் ஐஸ்."

"ஐஸ் திங்கலாமா?"

"திங்கலாம்."

காய்ந்ததும் அவனிடம் கொடுத்தாள். அவன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான், தலையில் கவிழ்த்துப் பார்த்தான். பிறகு நேரே வாசலுக்குக் கொண்டுபோய், படியில் கிடந்த ஜெபசுதாவின் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தான். செருப்பு என்றால் வாசலில்தானே கிடக்க வேண்டும்? வீட்டுக்குள் செருப்பு போட்டால் அடி விழும் என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்ததே அவள்தான். வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "எப்பம் போவோம்?" என்றான்.

அவ்வளவுதான், வீடே துள்ளி எழுந்தது. அம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். அப்பா அன்றைக்கே டுட்டோரியல் சாரிடம் போனில் பேசினார். பெவின் தினம் காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய் நீலச் செருப்பைப் பார்த்து, துறைமுகத்துப் பக்கமிருந்து காற்றில் வந்து படிகிற நிலக்கரித் தூசியைத் தட்டிவிட்டு வருவான். ஜெபசுதா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவன் 'போவேன்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'போவோம்' என்றுதான் சொன்னான். அது அவள் காதில் மட்டும் விழுந்ததா, எல்லார் காதிலும் விழுந்து எல்லாரும் பேசாமல் இருந்தார்களா, தெரியவில்லை.

ஜெமி வந்து இறங்கினாள். பிள்ளை வழக்கம்போல ஜெபசுதாவின் தாவணிக்குப் பின்னால் பதுங்கினான். போனில் பார்த்த முகம்தான், ஆனால் போன் அளவில் இல்லை. ஜெமி தரையில் உட்கார்ந்து, "ஏலே பெவின், செருப்பு சூப்பரா இருக்கே, யாரு செஞ்சா?" என்று கூப்பிட்டாள்.

"சித்தி." கொஞ்சம் யோசித்து, "சித்திக்கு எங்க?" என்றான்.

"எது?"

"சித்திக்கு வீட்டுச் செருப்பு. அங்கன ஐஸ்லா. கால் கூசும்லா."

ஜெமி சட்டென்று சிரித்தாள். "சித்திக்கு இல்லாமலா? இன்னும் செய்யல. நாளைக்குச் செஞ்சிருவா. என்ன சுதா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "ஆமாமா, செஞ்சிருவா."

"ரெண்டையும் ஒரே பெட்டியில வைப்போம்," என்றாள் அம்மா, சுதாவின் முகத்தைப் பார்க்காமல்.

அடுப்படியில் ஜெமி மெதுவாகச் சொன்னாள். "விமானத்துல ஏறுத வரைக்கும்தான்ளா. உள்ள ஏறிட்டா அழட்டும், நான் பாத்துக்கிடுதேன். மருந்து வாங்கி வச்சிருக்கேன், தூங்கிருவான். உனக்கும் டுட்டோரியல் இருக்குல்லா?"

உனக்கும் இருக்குல்லா. கொடியில் காய்ந்த சாம்பல் கம்பளி இருந்தது. அதை ஜெபசுதா சிக்கெடுத்துப் பிய்த்து வைத்துக்கொண்டாள். தன் காலைத் தானே வரைந்தாள்.

மறுநாள் காலையில் முற்றத்தில் பலகை போட்டு வேலை தொடங்கியது. பெவின் எதிரே உட்கார்ந்து சோப்பு போட்டான். அவனுக்கு இப்போது வேலை முழுக்கத் தெரியும். "மெதுவா, மெதுவா, முதல்ல அமுக்கக் கூடாது," என்று அவளுக்கே பாடம் எடுத்தான். ஜெமி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நல்ல தண்ணீரைத் தானே சுடவைத்துக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் யாரையும் திட்டாத வீடாக இருந்தது.

பாயில் உருட்டியாகிவிட்டது. வெட்டி, அச்சை எடுத்தாகிவிட்டது. இனி காலில் மாட்டித் தேய்க்க வேண்டியதுதான்.

"காலை நீட்டு சித்தி, நான் தேய்க்கேன்," என்றான் பெவின். "பிளைட்ல நீ ஜன்னல் பக்கம். நான் உன் மடியில. சரியா?"

அவன் தேய்க்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். நுரை முழங்கை வரை இருந்தது. ஜெபசுதா காலை நீட்டவில்லை.

"நான் வரல பெவின்."

"அடுத்த பிளைட்டா?"

"எந்தப் பிளைட்லயும் இல்ல. நீயும் மம்மியும் போறீங்க. நான் இங்கனதான் இருப்பேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு சோப்புத் தண்ணீர்ச் சட்டியைக் காலால் ஓங்கி உதைத்தான். தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது. அவளுடைய புறங்கையைப் பிடித்துக் கடித்தான். பல் பதிந்தது. அவள் கையை இழுக்கவில்லை. விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டான்.

ஜெமி எழுந்து வந்தாள். "கெடுத்துட்டியேளா! எல்லாத்தையும் கெடுத்துட்டியே! உனக்கு அவனை விட மனசில்ல, அதைச் சொல்லு!"

"மருந்து குடுத்துத் தூங்க வச்சா, முழிக்கும்போது என்ன சொல்லுவே அக்கா?"

"அதை நான் பாத்துக்கிடுவேன்னு சொன்னேன்லா!" ஜெமி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகை வந்துவிட்டது. அம்மா ஓடிவந்து அவள் முதுகைத் தடவினாள். "இந்த நேரத்துல அழாதம்மா, அழக் கூடாது."

இந்த நேரம் என்றால் எந்த நேரம்? ஜெபசுதா கேட்கவில்லை. கம்பளி ஆறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்குவத்தில் விட்டுவிட்டால் கோணலாக இறுகிவிடும், பிறகு யார் காலுக்கும் ஆகாது. அவள் செம்பில் மிச்சமிருந்த வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஜெமியின் காலைப் பிடித்து இழுத்து அதை மாட்டப் பார்த்தாள். அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே அளவுக் கால். சின்ன வயதிலிருந்து ஒருத்தி செருப்பை ஒருத்தி போட்டு வளர்ந்தவர்கள். அது நுழையவில்லை. குதிகால் உள்ளே போக மறுத்தது. வீங்கியிருந்த கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்து, மெதுவாகத்தான் மேலே வந்தது.

"எத்தனையாவது மாசம்?" என்றாள்.

ஜெமி மூக்கை உறிஞ்சினாள். "அஞ்சு. அம்மா சொல்லலையா?"

அம்மா குனிந்து முற்றத்துத் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினாள்.

"பிறந்தா எங்க விடுவே?"

"இப்பம் எதுக்கு அது? லீவு முடிஞ்சதும் அம்மாகிட்டக் கொஞ்ச நாள்…"

"அம்மாகிட்டன்னா எங்கிட்ட."

ஜெபசுதா கம்பளியை இழுத்து விரித்து, குதிகாலை உள்ளே தள்ளி, நுரை போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கடிபட்ட இடத்தில் சோப்பு எரிந்தது. அவளுக்கு ஜூன் மாதம் தெரிந்தது. அதற்கு அடுத்த ஜூன் தெரிந்தது. இடுப்பில் வேறொரு பிள்ளையோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிற தானும் தெரிந்தாள்.

"கொண்டுவந்து விடாத அக்கா."

"நான் வேலையை விட்டுரவா அப்போ? வீட்டு லோனு, அவருக்கு இன்னும் பாஷை பிடிபடல… சொல்லு, என்ன செய்ய?"

"எனக்குத் தெரியல. ஆனா கொண்டுவந்து விடாத. கொண்டுவந்தா நான் வாங்க மாட்டேன்."

அம்மாவின் கையில் துடைப்பம் நின்றது. "என்ன பேச்சுளா பேசுதே? பிள்ளையை வாங்க மாட்டேன்னு ஒரு பொம்பளப்பிள்ளை சொல்லலாமா?"

"சொல்லுதேன்ம்மா." அழுதுவிடுவோம் என்று பயந்து, தேய்க்கிற கையை நிறுத்தாமல் வைத்துக்கொண்டாள். "இப்பமே சொல்லுதேன். பிறகு சொன்னா, முதல்லயே ஏன் சொல்லலன்னு கேப்பீங்க."

பீரோ பக்கம் ஒரு அசைவு. பெவின் சுவரை ஒட்டி ஒட்டி வந்து, தூரத்திலேயே உட்கார்ந்து பார்த்தான். ஜெபசுதா கூப்பிடவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு வந்து ஜெமியின் மறுகாலின் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்னொரு சாம்பல் செருப்பு பலகையில் ஈரத்தோடு கிடந்தது. அதை எடுத்தான். ஜெமியின் பெருவிரலில் அதைத் தொப்பி மாதிரி மாட்டினான். உள்ளே தள்ளத் தெரியவில்லை.

"காலைத் தூக்கு," என்றான். மம்மி என்று சொல்லவில்லை.

ஜெமி காலைத் தூக்கினாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, அசைந்தால் எழுந்து ஓடிவிடுவானோ என்று. அவன் சோப்பைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே ஜெபசுதாவைப் பார்த்து, "நீ பண்ணாத. நான் உங்கூடப் பேச மாட்டேன்," என்றான்.

"சரி."

"இந்தக் காலு நான்."

"சரி. மெதுவா தேய்க்கணும்."

"எனக்குத் தெரியும்!"

அவர்களுக்கு வியாழக்கிழமை விமானம். அவன் ஏறுவானா, வாசலில் மறுபடி கத்துவானா என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. ஜெமி தங்கையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அப்பாகிட்ட நான் பேசுதேன் சுதா, டுட்டோரியல் விஷயம்…"

"அதை நானே பேசிக்கிடுதேன். நான் சொன்னதுக்குப் பதில் சொல்லு."

ஜெமி தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தங்கை பிடித்திருந்தாள், ஒன்றை மகன் பிடித்திருந்தான். ஜெபசுதா விடவில்லை. காலைப் பிடித்தபடியே, பதிலுக்காகக் காத்திருந்தாள்.